கதவுக்கடியில் நுழைவது எது? மழை, ஏர்கோன், எலி, புகை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மூன்று வருடத்துக்கு முன் தீபாவளிக்கு முதல் நாள் இரவு, வீட்டுக்காரி முன்வாசலில் கலர் கோலம் போட்டு முடித்தாள். விடியற்காலையில் காற்றோடு மழை. எழுந்து வந்து பார்த்தால் ஹாலின் வெள்ளை டைல்ஸில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு, பச்சையில் ஒரு கோடு. இரண்டும் சோபா வரை ஓடியிருந்தன.

அவளுக்குக் கோலம் போன வருத்தம். எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. கோடுகள் இரண்டும் கீல் பக்கத்து மூலையிலிருந்து கிளம்பியிருந்தன. அதற்கு முன் இரண்டு தடவை ரப்பர் பட்டை வாங்கி ஒட்டியிருந்தேன், இரண்டு தடவையும் பூட்டுப் பக்கம் அழுத்தமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ஏனென்றால் வெளிச்சம் தெரிந்தது அந்தப் பக்கம்தான். பூட்டுப் பக்கம் இடைவெளி 11 மில்லிமீட்டர், கீல் பக்கம் வெறும் 4 மில்லி. ஆனால் போர்ச் தரை கீல் பக்கம் சாய்ந்திருந்ததால் தண்ணீர் முழுவதும் அங்கே கூடி, அந்த 4 மில்லி வழியாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் வரும் இடம் வேறு, தண்ணீர் வரும் இடம் வேறு. காற்று வரும் இடம் இன்னொன்றாக இருக்கும்.

அதனால்தான் இதைப் பொருளை வைத்து எழுதாமல் அறிகுறியை வைத்து எழுதுகிறேன். நாங்கள் இருப்பது மலேசியாவின் பினாங்கு, குளுகோரில் ஒரு பழைய லிங்க் வீடு, அதாவது வரிசை வீடு. அக்கா பாயான் பாருவில் 17-ஆவது மாடியில் பிளாட்டில் இருக்கிறார். நண்பர் ஒருவருக்கு லிட்டில் இந்தியா பக்கம் கடைவீடு. இந்த மூன்று வீட்டுக் கதவுகளோடும் மல்லுக்கட்டியதுதான் என் அனுபவம்.

எதையும் வாங்குவதற்கு முன்

ஹார்ட்வேர் கடைக்குப் போய் "கதவுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் கொடுங்கள்" என்று கேட்டால் கடை முதலாளி தவுக்கே முதலில் கேட்பது, "எத்தனை மில்லி?" பதில் தெரியாமல் நின்றால் அவர் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கதவைச் சாத்திவிட்டு மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: கீல் பக்கம், நடு, பூட்டுப் பக்கம். அளவுகோல் நுழையாத இடத்தில் ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தள்ளிப் பாருங்கள். ஒரு குச்சி கிட்டத்தட்ட 2 மில்லி. பென்சில் தாராளமாக உருண்டு போனால் 7 மில்லிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் கதவை மெல்லத் திறந்தபடியே அது போகும் வழி முழுவதும் தரையைப் பாருங்கள். மூடியிருக்கும்போது 10 மில்லி இருக்கும். பாதி திறந்ததும் தரை மேடாகி 5 மில்லியாகிவிடும். ரப்பர் அங்கே போய் மாட்டும். கடையில் வாங்கிவந்த பட்டை வீணாவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான் என்பேன்.

கடைசியாக, கைப்பேசியில் விளக்கைப் போட்டு, கேமரா மேலே பார்க்கும்படி கதவுக்கடியில் தள்ளி ஒரு படம் எடுங்கள். கைப்பேசி நுழையாவிட்டால் கதவைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடியை அடியில் பிடியுங்கள். கதவின் அடிவிளிம்பை வீடு கட்டியதிலிருந்து யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். பல வீடுகளில் அங்கே பெயின்டே இருக்காது, பச்சை மரம்தான். மரம் கறுத்து, பிளைவுட் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிலைக்கால் தரையைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் கரையானாக இருக்கலாம். முதலில் கரையானுக்கு ஆள் கூப்பிடுங்கள். அதன்மேல் பட்டை அடித்து மறைத்தால் பிறகு நிலையையே மாற்ற வேண்டிவரும்.

மழை பெய்தால் ஹாலில் தண்ணீர்

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்தான் அதிக மழை. அது போக, ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா காற்று என்று ஒன்று உண்டு. மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்கிலிருந்து வரிசையாக வரும் புயல்மழை. பெரும்பாலும் விடியற்காலையில் அடிக்கும். மேற்குப் பார்த்த கதவுக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

தண்ணீர் இரண்டு விதமாக உள்ளே வரும். எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மழை இல்லாத நாளில் ஒரு குவளைத் தண்ணீரைக் கதவுக்கு ஓரடி வெளியே தரையில் ஊற்றுங்கள். அது லோங்காங் (சாக்கடை) பக்கம் ஓடினால் தரை சரி. கதவைப் பார்த்து வந்தால் தரைச் சாய்வுதான் குற்றவாளி. தரை சரியாக இருந்தால், இரண்டாவது குவளையைக் கதவின்மேல், இடுப்பு உயரத்தில், மெதுவாக வழியவிடுங்கள். நீர் கதவு முகத்தில் வழிந்து கீழ் விளிம்புக்கு வந்ததும் சொட்டி விழாது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கமாகச் சுருண்டு ஏறும். இட்லிப் பாத்திரத்து மூடியைச் சாய்க்கும்போது தண்ணீர் விளிம்பை ஒட்டியே கைக்கு வருமே, அதே சங்கதி. வெளியே காற்று தள்ளினால் அந்த நீர் நேரே ஹாலுக்குள்.

கதவில் வழிந்து வரும் நீருக்கு மருந்து ரப்பர் பட்டை அல்ல, மழைச்சட்டம். கதவின் வெளிமுகத்தில், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியச் சட்டம் அது. வழிந்து வரும் நீரைக் கதவிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளிச் சொட்டவைக்கும். சட்டத்தின் அடியில் ஒரு சின்னப் பள்ளம் ஓடவேண்டும். அது இல்லாத சட்டத்தில் நீர் மறுபடியும் ஒட்டிக்கொண்டு உள்ளேதான் போகும். திருகாணி போடுமுன் சட்டத்தின் மேல்விளிம்பிலும் இரு முனைகளிலும் சிலிக்கோன் பசை இழுங்கள். அடிவிளிம்பை மூடாதீர்கள், தப்பித்தவறிப் பின்னால் புகுந்த நீர் வெளியேற வழி வேண்டும்.

தரை உள்ளே சாய்ந்திருந்தால் எந்தப் பட்டையும் நீண்டநாள் தாங்காது. சரியான தீர்வு போர்ச் டைல்ஸைப் பெயர்த்துச் சாய்வை மாற்றுவது. அதற்குக் கையில் காசு இல்லாதவரை ஒரு சின்ன அணை கட்டலாம். தரையில் ஒட்டும் ரப்பர் அல்லது சிலிக்கோன் வரம்பு, 10 முதல் 15 மில்லி உயரத்தில், கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. நம் வீடுகளில் முன்கதவு பெரும்பாலும் உள்பக்கம் திறக்கும். ஆகவே வரம்பை மூடிய கதவுக்கு நேர் வெளியே ஒட்டுங்கள். கதவு அந்தப் பக்கம் வராததால் இடைவெளியைவிட உயரமான வரம்பும் வைக்கலாம். கதவுக்கு நேர் அடியில் ஒட்டினால் இடைவெளிக்குள் அடங்கும் உயரம்தான் முடியும்.

நான் முதலில் ஒட்டியபோது வரம்பை நிலைக்கால் வரை கொண்டுபோய் நிறுத்தினேன், முனையை அடைக்கவில்லை. அடுத்த மழையில் தண்ணீர் வரம்பின் ஓரமாகப் போய், நிலையும் வரம்பும் சேரும் அந்த நகக்கண் அளவு சந்தில் நுழைந்து வந்தது. கோலக் கோடு வந்த அதே மூலை. இரு முனைகளிலும் சிலிக்கோனை விரலால் தேய்த்து அடைத்த பிறகுதான் நின்றது.

சிலிக்கோனிலும் இரண்டு ரகம். பிழிந்ததும் வினிகர் வாடை வந்தால் அது அமில வகை. உலோகத்தை அரிக்கும், பளிங்குக் கல்லில் கறை விடும். கதவடிக்கு நியூட்ரல் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இருபுறமும் காகித டேப் ஒட்டி, பிழிந்து, சவர்க்கார நீரில் நனைத்த விரலால் ஓர் இழுப்பு இழுத்து, உடனே டேப்பை உரித்துவிடுங்கள். ஒருநாள் முழுக்க யாரும் மிதிக்கக்கூடாது. எங்கள் வீட்டில் இந்தக் கடைசி விஷயம்தான் கஷ்டமாக இருந்தது.

அடிவிளிம்பு பச்சை மரமாக இருந்தால், நான்கு நாள் வெயில் பார்த்துக் கதவைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, எண்ணெய்ப் பெயின்ட் இரண்டு கை அடித்து மாட்டுங்கள். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்தால் இரண்டு வருடத்தில் கதவு ஊதிவிடும்.

வீடு புதிது என்றால் எதையும் தொடாதீர்கள். வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர் அதை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் பழுதுகளுக்கு அவர்தான் பொறுப்பு. தண்ணீர் வருவதை வீடியோ எடுத்து எழுத்தில் கொடுங்கள். நீங்களே துளை போட்டுவிட்டுப் பிறகு போனால் "நீங்கள் கை வைத்ததால் வந்தது" என்பார்கள்.

வெள்ளத்துக்கு இதெல்லாம் ஈடாகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முழங்கால் அளவு தண்ணீர் வெளியே நின்று அழுத்தும்போது ரப்பர் பட்டை ஒரு வேடிக்கைப் பொருள். அதற்கு வெள்ளத் தடுப்புப் பலகை வேறு இருக்கிறது. அது வேறு கணக்கு.

ஏர்கோன் ஓடுகிறது, அறை குளிரவில்லை

முதலில் ஏர்கோன் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். தூசி அப்பியிருந்தால் கழுவுங்கள். அதற்குப் பிறகும் குளிரவில்லை என்றால் கதவுக்கு வரலாம்.

சாமி மேடையிலிருந்து ஓர் ஊதுபத்தியை ஏற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அறைக் கதவின் அடியில் பிடியுங்கள். குளிர்ந்த காற்று கனம், தரையோடு தங்கும். அதனால் கீழே புகை வெளியே இழுக்கப்படும். அதே பத்தியைக் கதவின் மேல்விளிம்பில் பிடித்தால் புகை உள்ளே தள்ளப்படும். கீழே போகும் குளிருக்கு ஈடாக மேலே ஹாலின் சூடும் ஈரமும் வந்துகொண்டிருக்கின்றன. அடியை மட்டும் அடைத்துவிட்டு மேலே விட்டுவைக்காதீர்கள். மேலும் பக்கத்திலும் நிலையில் ஒட்டும் மெல்லிய ஸ்பான்ஞ் பட்டை போதும்.

அடிக்கு, கதவின் இருபுறமும் உருளையாக வரும் இரட்டை ஃபோம் போதுமானது. நான் வாங்கியபோது 6 வெள்ளி (ரிங்கிட்), துளை போட வேண்டாம், கதவை நகர்த்தினால் கூடவே வரும். குறை ஒன்றுதான்: வீடு துடைக்கும்போது ஈரத்தை உறிஞ்சிவிடும். துணி உறை போட்டது இரண்டு மாதத்தில் கறுத்துப் பூசணம் பிடித்தது. வினைல் உறை போட்டதை வாங்கி, மாதம் ஒருமுறை உருவிக் கழுவி வெயிலில் போடுங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தாலோ உருளை பிடிக்காவிட்டாலோ, கதவை மூடும்போது தானே இறங்கும் பட்டை ஒன்று உண்டு. கீல் பக்கம் ஒரு சின்னப் பொத்தான் நிலையில் அழுந்தியதும் ரப்பர் தரையில் உட்காரும், திறந்ததும் எழும்பிவிடும். விலை கூடுதல், ஆனால் தரையில் உரசவே உரசாது.

நம் வீட்டு ஏர்கோன் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. ஒரு சின்ன அறையில் நாலு பேர் படுத்துக்கொண்டு எல்லா இடுக்கையும் அடைத்தால் காலையில் தலை கனக்கும், அறையில் ஒரு புழுக்கம் தெரியும். அப்படியானால் ஒரு பக்க ஃபோமை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் குளிர் போனால் போகட்டும்.

கொசு, கரப்பான், எலி

கொசுவுக்குக் கதவடியை அடைப்பது அவ்வளவு பெரிய பலன் தராது என்பது என் கருத்து. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் பொழுது சாயும் முன்னும். அந்த நேரத்தில் நம் வீட்டுக் கதவு விரியத் திறந்துதான் கிடக்கும். ஜன்னலுக்கும் கிரில் கதவுக்கும் வலை அடித்தபிறகு கதவடிக்கு வாருங்கள்.

கரப்பானுக்குப் பலன் உண்டு. பெரிய கரப்பானே உடம்பைத் தட்டையாக்கி 3 மில்லி இடுக்கில் நுழைந்துவிடும். ஆகவே பிரஷ் பட்டையின் மயிர் தரையைத் தொட்டு லேசாக வளையவேண்டும், தொட்டும் தொடாமலும் நிற்கக்கூடாது. தொடுகிறதா என்று பார்க்க ஒரு வழி: கதவு நிற்கும் கோட்டில் கோலமாவை மெல்லியதாகத் தூவி, கதவைச் சாத்தித் திறங்கள். மாவு கலைந்த இடத்தில் பட்டை தொடுகிறது. கலையாமல் வெள்ளையாக நிற்கும் இடம்தான் ஓட்டை. ரப்பர் பட்டைக்கும் இதே சோதனைதான். சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்தும் பார்க்கலாம், ஆனால் கோலமாவு துடைப்பது சுலபம்.

எலி வேறு கதை. சுண்டெலிக்கு 6 மில்லி, கிட்டத்தட்ட பென்சில் தடிமன் இருந்தால் போதும். பெரிய எலிக்கு 12 மில்லி. சமையலறைப் பின்கதவு பின்சந்தைப் பார்த்திருக்கும் வீடுகளில் அது சர்வசாதாரணம். ரப்பரும் பிரஷும் அதன் பல்லுக்கு முறுக்கு மாதிரி. எங்கள் பின்கதவில் புதுப் பட்டை போட்ட மூன்றாம் நாள், பூட்டுப் பக்க மூலையில் அரை வட்டமாகக் கடித்து வைத்திருந்தது. சின்னச் சின்னக் கறுப்புத் துணுக்குகள் மட்டும் தரையில் கிடந்தன, ரப்பரைத் தின்னவில்லை. வழி வேண்டியதுதான் அதற்கு.

அதன்பின் அலுமினியத் தகட்டை 8 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, கதவின் வெளிப்புறம் அடிப்பகுதியில் அடித்தேன். தகட்டுக்கும் தரைக்கும் 3 மில்லிதான் விட்டேன். ரப்பர் அதன் உள்பக்கம் ஒளிந்திருக்கிறது. தகட்டின் கூர்விளிம்பை மடித்து அடியுங்கள், இல்லாவிட்டால் வெறுங்காலில் போகிறவர்கள் பாடு திண்டாட்டம். கதவும் நிலையும் சேரும் இரு மூலைகளையும் விட்டுவிடாதீர்கள். எலி எப்போதும் மூலையில்தான் ஆரம்பிக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சமையலறையில் கேஸ் சிலிண்டர் இருந்தால் பின்கதவின் அடியைக் காற்றுப் புகாதபடி அடைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பாது, தரையோடு தேங்கும். கதவடி இடைவெளி அது வெளியேறும் வழிகளில் ஒன்று. எலியைத் தடுக்க வேண்டுமென்றால் அங்கே துருப்பிடிக்காத கம்பிவலையைப் பட்டையாக வெட்டிப் போடலாம். எலி வராது, காற்று போகும்.

புகைமூட்டக் காலம்

2019 செப்டம்பரில் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடிய அந்த வாரங்களில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஹார்ட்வேர் கடைகளில் டேப் கிடைக்காமல் அலைந்தோம். புகை வாடை வீட்டுக்குள் வந்தால், ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் அடையுங்கள். வீடு முழுக்க முயன்றால் எதுவும் அடையாது. அறைக் கதவின் அடியில் ஈரமில்லாத துண்டை நெருக்கமாகச் சுருட்டி வைத்தாலே பாதி வாடை குறையும். அடைத்த அறையில் சாம்பிராணி, கொசுவர்த்தி, கரி எதுவும் கூடாது. வெளியே புகை குறைந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள்.

கதவடியில் விசில் சத்தம்

இது அடுக்குமாடிக்காரர்கள் பிரச்சினை. அக்கா ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். "தம்பி, நீ ஒட்டிவிட்டுப் போன பிறகுதான் கதவு ஊளையிடுது. பிள்ளைகள் பயப்படுறாங்க."

தப்பு என்மேல்தான். இடைவெளி பெரிதாக இருந்தபோது காற்று சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் முக்கால்வாசி அடைத்து, பூட்டுப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை போதாமல் விட்டுவிட்டேன். சமையலறை ஜன்னல் வழியாக வரும் காற்று முழுவதும் அந்தச் சின்னச் சந்தில் பாயும்போது புல்லாங்குழல்தான். ஒன்று முழுக்க அடைக்க வேண்டும், இல்லை அடைக்கவே கூடாது. அன்றிரவுக்கு, காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், சத்தம் நின்றது. மறுநாள் மீதியை ஒட்டினேன்.

பிளாட் வாசற்கதவில் கை வைக்குமுன் கதவின் பக்கவிளிம்பில் ஏதாவது முத்திரைத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கிறதா என்று பாருங்கள். தீத்தடுப்புக் கதவு என்றால் இழைக்கவோ, துளை போடவோ, அடியை வெட்டவோ கூடாது. அதன் சான்றே போய்விடும். நிர்வாக அலுவலகத்தில் கேட்டு, அந்த வகைக் கதவுக்கென்றே செய்த ஒட்டுப்பட்டையை மட்டும் போடுங்கள். அக்கா வீட்டில் ஒட்டியது அதுதான், துளை ஒன்றுமில்லை.

ஒட்டிய பட்டை ஒரு மாதத்தில் உரிந்துவிடுகிறது

பட்டை மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பத்தில் எட்டு தடவை ஒட்டிய விதம்தான் காரணம். கதவின் அடிப்பகுதியில் துடைப்பத் தண்ணீர், தரை மெழுகு, சமையல் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் ஏறியிருக்கும். சவர்க்காரம் போட்டுத் துடைத்து, காயவிட்டு, பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் நனைத்து அழுத்தித் துடையுங்கள். துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை. மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் ஒட்டாதீர்கள், மரத்தின் மேல்பரப்பிலேயே ஈரம் இருக்கும். ஒட்டிய பிறகு ஒரு நிமிடம் கட்டைவிரலால் நுனிமுதல் நுனிவரை அழுத்திக்கொண்டே போங்கள். ஒருநாள் கதவை அதிகம் அடிக்கவிடாதீர்கள்.

வெளிக்கதவுக்கு வெறும் ஒட்டுப்பசையை நான் நம்புவதில்லை. அலுமினியச் சட்டத்தோடு வருவதை வாங்கித் திருகாணி போடுங்கள். அதில் துளைகள் நீள்வட்டமாக இருக்கும். திருகாணியை நடுவில் லேசாக முடுக்கி, கதவைச் சாத்தித் திறந்து பார்த்து, ஏற்றி இறக்கி, அப்புறம் இறுக்குங்கள். மரக் கதவுக்குத் துருப்பிடிக்காத திருகாணி. இந்த ஊர் ஈரத்தில் சாதாரண இரும்பு ஒரு வருடத்தில் கதவில் பழுப்புக் கண்ணீர் விடும்.

பட்டை போட்டதும் கதவு தரையில் இழுக்கிறது

சீராக முழு நீளத்துக்கும் இழுத்தால் பட்டை கூடுதல் உயரம். ரப்பரைக் கத்தரித்துவிடலாம், ஒரு தடவைக்கு 1 மில்லிக்கு மேல் வேண்டாம். பூட்டுப் பக்கம் மட்டும் இழுத்தால் பட்டைமேல் பழி இல்லை, கதவு தொங்கியிருக்கிறது. மேல்கீலின் திருகாணியைத் தொட்டுப் பாருங்கள், சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. துளை பெரிதாகிவிட்டது. பழைய வீடுகளில் நான் பார்த்தவரை பத்தில் ஆறு கதவு இப்படித்தான் இருக்கிறது.

சாத்தே இறைச்சி கோக்கும் மெல்லிய குச்சிகளை எடுத்து வையுங்கள். கழுவிக் காயவைத்தவை. கதவின் பூட்டுப் பக்கத்துக்கு அடியில் ஆப்பு கொடுத்துத் தாங்கிக்கொண்டு, திருகாணியை எடுத்துவிட்டு, துளையில் மரப்பசை விட்டு, குச்சிகளை ஒவ்வொன்றாக நெருக்கமாகத் தட்டி இறக்கி, வெளியே நீட்டுவதை ஒடித்துவிடுங்கள். பசை காய ஒருநாள். மறுநாள் அதே திருகாணியை முடுக்கினால் புது மரம் போலப் பிடிக்கும். கதவு 3, 4 மில்லி மேலே ஏறிவிடும். பட்டையே வேண்டியதில்லை என்று முடிந்த கதவுகளும் உண்டு.

உள்ளே திறக்கும் கதவில் வெளிமுகத்து ரப்பர் படிக்குக் கீழே தொங்கும்படி வைத்துவிட்டு, திறக்கவே முடியாமல் நின்றவர்களும் இருக்கிறார்கள். படிக்கு மேல்மட்டத்தோடு ரப்பரை நிறுத்துங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் இழுத்து, பிப்ரவரி வெயிலில் சரியாகிவிடும் கதவு ஈரம் குடித்த மரம். அவசரப்பட்டு இழைக்காதீர்கள். வெயிலில் சுருங்கியதும் இடைவெளி பெரிதாகி, மறுபடி முதலிலிருந்து.

பழைய கடைவீட்டுக் கதவு

ஜோர்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தப் பகுதிக் கடைவீடுகளில் முகப்பில் எதை மாற்றுவதானாலும் மாநகர் மன்றத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. நண்பருடைய கடையில் கதவுக்குக் கீலே கிடையாது, மரக்குமிழியில் சுழல்கிறது. கதவை ஆணியால் தொட எனக்கே மனம் வரவில்லை. அவருடைய அம்மாவும் விடவில்லை. "வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுற நிலைப்படி, அதுல டிரில் போடுவியா?"

பழைய கைலி ஒன்றைக் கேட்டு வாங்கினோம். 12 சென்டிமீட்டர் அகலத்தில் குழாய் போலத் தைத்து, கதவைவிட 10 சென்டிமீட்டர் கூடுதல் நீளம் வைத்து, காயவைத்த மணலை நிரப்பி, இரண்டு முனையும் முடிச்சு. கடை அடைத்ததும் உள்பக்கம் கதவோரம் நீட்டிப் போட்டுவிடுவார். அஞ்சடியிலிருந்து (கடை முன்னால் உள்ள நடைபாதை) வரும் தூசியும் கரப்பானும் குறைந்தது. மழைச்சாரல் தெறித்தால் மணல் தாங்கும். நனைந்தால் மறுநாள் வெயிலில் காயவேண்டும், அவ்வளவுதான். இதுவரை செய்ததிலேயே மலிவான வேலை, அதிகம் பாராட்டு வாங்கியதும் இதுதான்.

குளியலறைக் கதவைப் பற்றி ஒரு வரி: அடைக்காதீர்கள். புகைப்போக்கி விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்று அந்த இடைவெளியில்தான் வருகிறது. அடைத்தால் விசிறி சும்மா சுற்றும், சுவர் பூசணம் பிடிக்கும்.

எல்லாம் செய்தும் அதே இடத்தில் ஈரம்

அப்படியானால் அது கதவடி வழியாக வரவில்லை. மழை நின்ற பிறகும் ஈரம் ஊறுகிறதா, மழையே இல்லாத நாளிலும் வருகிறதா என்று கவனியுங்கள். கதவுக்கடியில் ஒரு காகிதப் பட்டையை நீளமாகப் போட்டு வைத்தால் விடிந்ததும் எந்த இடம் நனைந்திருக்கிறது என்று தெரியும். நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விரிசல், டைல்ஸ் இடுக்குச் சாந்து பெயர்ந்த இடம், இரண்டையும் பாருங்கள். நிலையோரச் சுவரில் பெயின்ட் உப்பியிருந்தால் தண்ணீர் சுவர் வழியாக இறங்குகிறது.

போன ஜூலையில் அக்கா மறுபடியும் கூப்பிட்டார். மழையே இல்லை, படுக்கையறைக் கதவடியில் தினமும் காலையில் ஒரு கை அகலத்துக்கு ஈரம். அவரே போய் ரப்பர் பட்டை வாங்கி வைத்திருந்தார். காகிதத்தைப் போட்டுப் பார்த்தோம், கதவுக்கு உள்பக்கம்தான் நனைந்திருந்தது, சுவரோரமாக. நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே ஏர்கோன். அதன் தண்ணீர்க் குழாயில் பச்சைப் பாசி அடைத்துக்கொண்டு, தட்டு நிறைந்து, சுவர் வழியாக இறங்கி வந்திருக்கிறது. குழாயின் வெளிமுனையில் வாயை வைக்காமல் சைக்கிள் பம்ப் வைத்து ஊதினோம். கெட்டியான ஜெல்லி போல ஒரு துண்டு வந்து விழுந்தது. அந்த ரப்பர் பட்டை இன்னும் அக்கா வீட்டுச் செருப்பு அலமாரிமேல் பிரிக்காமல் கிடக்கிறது, 90 சென்டிமீட்டர், கறுப்பு நிறம். அளவு ஒத்துவந்தால் யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்.